பக்கம் 84 முதல் 91 வரை நீங்கலாக

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்களா, அம்மணி? பெஞ்சில் நானும் உட்கார வேண்டும். பைக்கு யாரும் டோக்கன் கொடுக்கவில்லையே.

ஆங், போதும். உங்கள் நம்பர் என்ன? நாற்பத்தி நாலா? நான் நாற்பத்தி ஒன்று. இப்போதுதான் பத்தொன்பது உள்ளே போயிருக்கிறது. காலேஜில் அட்மிஷன் என்றால் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லிப் பத்தரைக்கு ஆரம்பிப்பது ஒரு வழக்கம். யாரைச் சேர்க்க வந்தீர்கள்? அண்ணன் மகளா? காமர்ஸா? கொடுத்துவைத்தவர்கள். காமர்ஸ் என்றால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் பெண் அதோ, தூணுக்குப் பக்கத்தில் பச்சைச் சுடிதார். சம்யுக்தா. இங்கே காலி இடம் இருக்கிறது, வந்து உட்கார மாட்டாள். ப்ளஸ் டூவில் ஐந்நூற்று எழுபத்தொன்று. இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் சயன்ஸ் தாராளமாகக் கிடைக்கும். அவள் கேட்பது என்ன தெரியுமா? பி.ஏ. தமிழ் இலக்கியம். தமிழ்தான் நமக்கு ஏற்கெனவே தெரியுமே, அதைப் போய் மூன்று வருஷம் படிப்பதா?

விண்ணப்பம் என் கைப்பையில் இருக்கிறது. எல்லாக் கட்டமும் அவளே எழுதிவிட்டாள். பெற்றோர் கையெழுத்து என்கிற கட்டம் மட்டும் காலி. போடுவேனா மாட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நாற்பத்தி ஒன்று வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நாளை சாயங்காலம் கடைசி. இவளுடைய அப்பாவைக் கேட்டால், “நீ பாத்துச் செய், ப்ரமீளா” என்கிறார். பம்ப்செட் கம்பெனி வைத்திருக்கிறார். மோட்டார் எரிந்துபோனால்தான் அவர் சொந்தமாக ஒரு முடிவு எடுப்பார்.

அது என்ன, உங்கள் கையில்? நாவலா? அட்டையில் ஒரு பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியென்றால் முதல் ஐம்பது பக்கத்துக்கு ஒன்றும் நடக்காது. சும்மா சொல்லவில்லை அம்மணி, நாவல் விஷயத்தில் எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள். இந்தத் தொல்லைக்கெல்லாம் தொடக்கமே அந்தச் சால்வைதான்.

நாங்கள் இருப்பது வடவள்ளியில், அபார்ட்மெண்ட். அறுபத்தி நாலு வீடு. போன வருஷம் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு அமெரிக்காவுக்கு மகனிடம் போனார். போகும்போது நூற்று நாற்பது நாவல்களை அசோசியேஷனுக்குத் தானம் பண்ணிவிட்டார். எடைக்குப் போட்டிருக்கலாம், தானம் என்றால் பேர் வரும் அல்லவா? செக்ரட்டரி தண்டபாணி என்னிடம் வந்தார். “ஏனுங்க மேடம், நீங்கதானுங்க கான்வென்ட்டு. பதிமூணு வயசுலருந்து பதினெட்டு வரைக்கும் பிள்ளைங்க படிக்கிற மாதிரி எதெதுன்னு பாத்துப் பிரிச்சு, ஒரு அலமாரி போட்டுருங்க.” யாரிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் படித்தது மலைமேல் கான்வென்ட், போர்டிங். லைப்ரரிக்கு சிஸ்டர் யூலாலியா. பெரிய பெண்கள் படிக்கிற நாவல் எதையும் அவர் தூக்கி எறிந்ததில்லை. புத்தகம் புத்தகமாகவே இருக்கும், ஆனால் ஆகாத பக்கங்களை மட்டும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று. எண்பத்து மூன்று படிப்பீர்கள், அடுத்தது தொண்ணூற்றி இரண்டு. நடுவில் என்ன நடந்தது என்று கடவுளுக்கும் சிஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். நாங்கள் யாரும் பிரித்துப் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு. பிரிப்பதென்றால் சேஃப்டி பின்னின் மொட்டை முனையைக் கீழே விட்டு மெதுவாக நெம்ப வேண்டும், இழுத்தால் காகிதம் கிழிந்துவிடும், படித்ததும் அதே ஓட்டையில் திரும்பக் குத்தி மடக்க வேண்டும். இதெல்லாம் பொது அறிவு.

அந்த முறையைத்தான் நானும் கையில் எடுத்தேன்.

நூற்று நாற்பதையும் முழுதாகப் படித்தீர்களா என்கிறீர்களா? காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் இவளுக்கு டியூஷன், இதில் யாருக்கு நேரம்? நாவலைப் படித்தால்தான் அதைப் பற்றித் தெரியும் என்பது படிக்கிறவர்களின் மூடநம்பிக்கை. ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புள்ளியைப் பார்க்க வேண்டும், அம்மணி. வாக்கியத்தின் முடிவில் ஒரு புள்ளி இருந்தால் யோக்கியமான பக்கம். மூன்று புள்ளி என்றால் ஒரு கண் வைக்க வேண்டும். ஏழெட்டுப் புள்ளி வரிசையாக வைத்திருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது, எழுதியவருக்கே சொல்லக் கூச்சம். அடி பின்னை. அப்புறம் மழை. ஒரு பையனும் பெண்ணும் தனியாக நிற்கும்போது மழை வந்தால் அடுத்த நாலு பக்கத்துக்கு யோசிக்கவே வேண்டாம். அப்புறம், பிள்ளைகள் பெற்றவளை எதிர்த்துப் பேசுகிற இடம். அதற்குப் புள்ளியும் வேண்டாம், மழையும் வேண்டாம். நேராகப் பின்தான்.

பின் அடித்தால் மட்டும் போதுமா? தெரியாத்தனமாக யாராவது பிரித்துவிடக் கூடாதே. அதனால் ஒவ்வொரு நாவலின் அட்டையிலும் ஒரு சீட்டு ஒட்டினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், கான்வென்ட் கையெழுத்து. ‘பரிந்துரை: பதினான்கு வயதுக்கு மேல். பக்கம் 112 முதல் 118 வரை நீங்கலாக.’ இப்படித் தெளிவாக, பக்க எண்ணோடு. மொத்தம் முப்பத்தெட்டு நாவலுக்கு இப்படிப் பக்க எண் போட்ட சீட்டு. மற்றதெல்லாம் பின்னே தேவைப்படாத தங்கமான நாவல்கள். அவற்றுக்கு ‘அனைவருக்கும்’ என்று எழுதினேன்.

முதல் வாரம் ஒரு குஞ்சு எட்டிப் பார்க்கவில்லை. சீட்டு ஒட்டிய மறுவாரம் கூட்டம் நிற்கிறது. லிஃப்டுக்கு நிற்காத பிள்ளைகள் அலமாரிக்கு வரிசை போட்டன. தேயிலைத் தோட்டத்து நாவல் ஒன்று, அதற்கு ஒன்பது பேர் பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். ஒன்பது பேர், அம்மணி. போனை விட்டுக் கண்ணை எடுக்காத கழுதைகள். ‘அனைவருக்கும்’ நாவல்கள் மட்டும் அப்படியே இருந்தன. புல்லாங்குழல் வாசிக்கிற மாணவன் மாநிலப் பரிசு வாங்குகிற நாவல், அருமையான கருத்து, அதை ஒரு பிள்ளை தொடவில்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. ஐந்தாம் மாடியில் ரிதன்யா என்று ஒரு பெண், பதினாலு வயது. அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, இதுல நம்பரே போடலையே. முழுசும் நல்ல புஸ்தகமா?” என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். பாவம், முகம் வாடிவிட்டது. நான் எழுதிக் கொடுக்காமல் அந்தக் குழந்தை ஒரு புத்தகத்தைத் தொடாது. அவ்வளவு நம்பிக்கை.

குடியரசு தினத்தன்று கொடியேற்றிய கையோடு எனக்குச் சால்வை. தண்டபாணி மைக்கில் பேசினார். “ஒத்த ஆளா நின்னு, நம்ம பிள்ளைங்கள நாவல் படிக்க வெச்சுட்டாங்க மேடம்.” இவளுடைய அப்பா கை தட்டினார். சம்யுக்தா தட்டவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். பெருமைச் சிரிப்பு என்று நினைத்தேன்.

இருபத்தி ஏழா? கூப்பிடட்டும், கூப்பிடட்டும்.

இதில் ஒரே குறை, பின்தான். புத்தகம் திரும்பி வரும்போது பின் தளர்ந்து வரும். சிலதில் பின்னே இருக்காது. இப்போதெல்லாம் கம்பிக்கே உரம் இல்லை, எல்லாம் தகரம் என்று நினைத்தேன். இவளுடைய அப்பாவின் கம்பெனியில் கேட்டலாக் தைக்கிற ஸ்டேப்ளர் இருக்கிறது, நுகத்தடி நீளத்தில், அதைக் கொண்டுவரச் சொல்லித் திரும்ப அடித்தேன். அதுவும் தளர்ந்தது. அப்போதுதான் இரண்டாம் மாடி கலாமணி வந்தாள். நல்லவள்தான், ஆனால் ஊரில் நடக்கிற கெட்ட செய்தி முதலில் அவள் வாய்க்குத்தான் வரும்.

“ப்ரமீளாக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பிள்ளைங்க நாவல் படிக்கிறதில்லீங்க.”

“பின்னே? வரிசையில நிக்கிறது என்ன ரேஷன் வாங்கவா?”

“நீங்க எழுதியிருக்கிற நம்பர மட்டும்தானுங்க்கா படிக்குதுங்க. எம் புள்ள சொல்றா, தேடுற வேலையே இல்லீங்களாம். ஆண்ட்டியே எடுத்துக் குடுத்துடறாங்கன்னு சொல்லுது.”

பொறாமை. அவளுக்குச் சால்வை போடவில்லையே. ஆனாலும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, அந்தப் புல்லாங்குழல் நாவலை எடுத்தேன். அதில் ஹெட்மாஸ்டர் ஒழுக்கத்தைப் பற்றி ஏழு பக்கம் பேசுகிறார். அந்த ஏழு பக்கத்துக்கும் பின் அடித்து, சீட்டில் ‘பக்கம் 60 முதல் 66 வரை நீங்கலாக’ என்று எழுதி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் புத்தகத்தைக் காணோம். நாலு பேர் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். ரிதன்யா திருப்பிக் கொடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள், கடன் வாங்கி ஏமாற்றியவளைப் பார்க்கிற மாதிரி. பார்க்கட்டும். ஒழுக்கத்தைப் பற்றி ஏழு பக்கம் படித்தாளா இல்லையா? அந்த நுட்பம் எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்று கலாமணியிடம் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் ஊர்ப் பிள்ளைகள். நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

பிப்ரவரி கடைசி, பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும். நான் பாகற்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். சம்யுக்தா ஒரு நாவலோடு சமையலறைக்கு வந்தாள்.

“ஏம்மா, இந்த எட்டுப் பக்கத்துக்கு எதுக்குப் பின் அடிச்சே? எண்பத்து நாலுலருந்து தொண்ணூத்தி ஒண்ணு. மூணு புள்ளி கூட எங்கயும் இல்லை. மழையும் வரலை.”

வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது. முதல் வரியே, ‘எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம் அம்மா’. அதற்கு மேல் நான் ஏன் படிக்க வேண்டும்?

“பெத்தவள எதிர்த்துப் பேசறா.”

“எதிர்த்துப் பேசலம்மா. கேக்கறா. எட்டுப் பக்கமும் அவ கேட்டுட்டே இருக்கா. அந்த அம்மாதான் பதிலே சொல்லாம கத்திரிக்கா நறுக்கிட்டிருக்கு.”

“உனக்கு நாளைக்கு மேத்ஸ் ரிவிஷன் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் கத்திரிக்காயைப் பத்தி என்ன பேச்சு? போ.”

கொஞ்ச நேரம் நின்றாள். நான் பாகற்காயில் விதை எடுத்துக்கொண்டிருந்தேன், அது நுணுக்கமான வேலை. நிமிர்ந்து பார்த்தபோது போய்விட்டாள். வேறு ஏதோ சொல்ல வந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்கு வாய் இருக்கிறது, நேராகச் சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன காது கேட்காதவளா?

அதற்குப் பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. பரீட்சை நேரம், நல்லதுதான் என்று இருந்தேன். பரீட்சை முடிந்தும் அமைதி. ரிசல்ட் வந்தும் அமைதி. ஐந்நூற்று எழுபத்தொன்று வாங்கியவள் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டாயா என்றால், சாப்பிட்டேன். தூங்கினாயா என்றால், தூங்கினேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், என்னக்கா, வீட்டில் ஆள் இல்லையா என்று.

போன வியாழக்கிழமை காலையில் பாலைக் காய வைக்கப் போகிறேன், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாவல். அதே நாவல். ஆனால் என் சீட்டின் மேல் வேறு ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. இவள் கையெழுத்து. ‘பரிந்துரை: நாற்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாக்களுக்கு. பக்கம் 84 முதல் 91 வரை நீங்கலாக.’ மேலே ஒரு பின், கீழே ஒரு பின், நடுவில் ஒரு பின்.

எனக்கே பின் அடிக்கிறாள், அம்மணி. பெற்ற தாய்க்கு. நான் எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கக் கூடாது என்று என் வயிற்றில் பிறந்தது முடிவு செய்கிறது. என்ன திமிர் இருக்க வேண்டும், சொல்லுங்கள்.

பிரித்தேன். பிரிக்காமல்? சேஃப்டி பின் என் தாலிச் செயினிலேயே இருந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, கேஸ் அணைந்து நாற்றம் வந்த பிறகுதான் கவனித்தேன். உள்ளே நடுவில் மடித்து வைத்திருந்ததுதான் இந்த விண்ணப்பம். கையெழுத்துக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி, இங்கே என்று. நான் பிரிப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்கிறேன்.

விண்ணப்பத்தைத் தூரப் போட்டுவிட்டு அந்த எட்டுப் பக்கத்தையும் படித்தேன். இவள் சொன்னது சரிதான். அந்தப் பெண் குரலே உயர்த்தவில்லை. கேட்கிறாள், கேட்கிறாள். அந்தத் தாய் கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறாள். அத்தியாயம் முடிந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். ஆமாம் என்றாவது சொல்லு, இல்லை என்றாவது சொல்லு, ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? அடுத்த அத்தியாயத்திலாவது பதில் சொல்கிறாளா என்று படித்தேன். அதிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டை வெளியே வாங்கிவரச் சொல்லிவிட்டேன். நாலு மணிக்குத்தான் முடிந்தது, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அந்தப் பெண் ஓடிப்போவாள், விஷம் குடிப்பாள், ஏதாவது செய்வாள் என்று பார்த்தால், ஒன்றும் செய்யவில்லை. அம்மா சொன்ன படிப்பையே படிக்கிறாள். நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை. தீபாவளிக்கு வருகிறாள், அம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொடுக்கிறாள். பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். இரண்டே வார்த்தையில் இருநூறு பக்கம் ஓட்டியிருக்கிறார் அந்த எழுத்தாளர். சண்டை கிடையாது, அழுகை கிடையாது. கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். இதெல்லாம் ஒரு முடிவா? பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கவே கூடாத நாவல். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

சம்யுக்தா வெளியே போய்விட்டு ஆறு மணிக்கு வந்தாள். நாவல் டைனிங் டேபிள் மேல் இருக்கிறது, பின் இல்லாமல். பார்த்தாள். இவளுடைய அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், வயர் எங்கே புகைகிறது என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் இவள்தான், “சாப்பிட்டியாம்மா?” என்றாள். கேட்டது அவ்வளவுதான். பிள்ளைகள் கேட்பதுதானே? “இன்னும் இல்லை. திங்கட்கிழமை காலேஜுக்கு நானும் வர்றேன்” என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். வருகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு.

இன்று காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள்.

நீங்களே சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படித்தால் கண் முன்னே வேலை இருக்கிறது. எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? அதைச் சொன்னால் நான் கெட்டவள். சிரிக்கிறீர்கள். உங்கள் அண்ணன் மகள் காமர்ஸ், நீங்கள் சிரிப்பீர்கள்.

எத்தனை கூப்பிட்டார்கள்? நாற்பதா? அதற்குள்ளா? இருபத்தி ஏழுக்கு அப்புறம் நான் கவனிக்கவே இல்லையே. நடுவில் இருந்தவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

வருகிறாள் பாருங்கள். நடையைப் பாருங்கள், தரைக்கு வலிக்குமோ என்று.

“ம்மா, அடுத்து நாமதான்.”

“தெரியும். எனக்கும் காது இருக்கு.”

“ஃபார்ம்?”

“இரு. அவசரப்படாதே.”

அம்மணி, பேனா இருக்கிறதா? நீலம் வேண்டாம், கறுப்பு. நன்றி. நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் வருஷத்திலேயே நாலு நாவல் பாடமாம், ப்ராஸ்பெக்டஸில் போட்டிருக்கிறது. இவளை அதோடு தனியாக விட முடியுமா? வீட்டில் ஒருத்தர் அதையெல்லாம் முழுதாகப் படித்திருக்க வேண்டும். அதற்குத்தான். இந்தாருங்கள் பேனா. கான்வென்ட் கையெழுத்து, பார்த்தீர்களா, அச்சு மாதிரி.

என்னடி பார்க்கிறே? கண்ணைத் துடை, உள்ளே நாலு பேர் இருப்பார்கள். துப்பட்டாவைச் சரியாகப் போடு. பேச்செல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ குறுக்கே வாயைத் திறக்காதே. ஏன் தமிழ் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் நீ சொல்லு. மெதுவாகவே சொல்லு, பரவாயில்லை. அதை நானும் இன்னும் கேட்கவில்லை.